பெர்கமோவில் ஒரு சனிக்கிழமை

பாதிப் படிகள் ஏறியதும் ரெகீனா நின்றுவிட்டாள். ஒரு கையால் கல்மதிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கழுத்தில் கட்டியிருந்த துணியின் முடிச்சைத் தளர்த்தினாள். நாலைந்து படிகள் முன்னால் போய்விட்ட ஈரெக் திரும்பிப் பார்த்தான்.

"நீ போ. நான் வேடிக்கை பாத்துட்டு வரேன்," என்றாள்.

அவள் முகமோ மதிலைப் பார்த்திருந்தது. அங்கே வேடிக்கை பார்ப்பதற்குக் கொஞ்சம் பாசியும் ஒரு பல்லியும்தான் இருந்தன.

அவன் இறங்கி வந்தான். அவள் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. முகத்தில் நிறமே இல்லை. அவன் முழங்கையைப் பிடித்தபோது அவள் உதறவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடங்களில் மாமியார் அவன் நீட்டிய கையை ஒருமுறைகூடப் பிடித்ததில்லை, பனி உறைந்த நடைபாதையில்கூட. இப்போது தன் கனத்தையெல்லாம் அவன் மேல் சாய்த்தாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

படியோரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு சிற்றாலயத்தின் வாசலில் அவளை உட்கார வைத்தான். கீழே புதிய ஊர் செப்டம்பர் வெயிலில் கிடந்தது. மேலே, கோட்டை மதிலுக்குள், அவர்கள் பார்க்க வந்த பழைய ஊர். இரண்டுக்கும் நடுவில் இவர்கள் இருவரும் ஒரு தண்ணீர் பாட்டிலும், விமானத்துக்கென்று ரெகீனா வீட்டிலிருந்து அவித்துக் கட்டிக்கொண்டு வந்த முட்டைகளில் மிச்சமும்.

நியாயமாக அந்த இடத்தில் அவன் மனைவி டொரோட்டா இருந்திருக்க வேண்டும். அம்மாவின் பிறந்தநாளுக்கு அவள் கொடுத்த பரிசு இந்த இத்தாலிப் பயணம். வெள்ளிக்கிழமை போலந்தில் க்தினியாவிலிருந்து கிளம்பி, ஞாயிறு இரவு திரும்புவதாக ஏற்பாடு. அம்மாவும் பெண்ணும் மட்டும், குழந்தையும் வேண்டாம், புருஷனும் வேண்டாம் என்று டொரோட்டா கோடை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் குழந்தை காலினாவின் முதுகில் சிவப்பாகக் கொப்புளங்கள் எழும்பின. சின்னம்மை. காலினா அம்மாவின் சட்டையைப் பிடித்தவள் விடவில்லை. ரெகீனா தனியாகவே போய்க்கொள்வதாகச் சொன்னாள். டொரோட்டா கேட்கவில்லை. இரவோடு இரவாகப் பயணச்சீட்டில் பெயரை மாற்றி, கணவனைப் பார்த்து, "நீ போ. அம்மாவ பாத்துக்க," என்றாள்.

ஈரெக்குக்கு அது தண்டனை மாதிரிதான் இருந்தது. ரெகீனா ஓய்வு பெறும்வரை க்தினியா நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். கல்லூரி நாட்களில் அவன் டிக்கெட் இல்லாமல் வந்து அவளிடம்தான் அகப்பட்டான். இரண்டு வருடம் கழித்து டொரோட்டா அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனபோது, கதவைத் திறந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்றைக்காவது டிக்கெட் வாங்கினாயா என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் யாராவது ஒரு புது உறவினருக்கு அந்தக் கதை சொல்லப்பட்டது. அவன் லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளன் ஆனதும், சொந்த வீடு வாங்கியதும் அந்தக் கதைக்கு முன்னால் எடுபடவில்லை.

"நெஞ்சு வலிக்குதாம்மா?" என்று கேட்டான்.

"அழுத்துது. கொஞ்ச நேரத்துல போயிடும். போன தடவையும் போயிடுச்சு."

"போன தடவைன்னா?"

 தண்ணீரைக் குடித்து, மூடியை இறுக்கி மூடிய பிறகு சொன்னாள். வசந்த காலத்திலேயே டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறதாம். அறுவைக்கு நாளும் குறித்தாகிவிட்டது, அக்டோபர் கடைசியில். ஊருக்குத் திரும்பியதும் டொரோட்டாவிடம் சொல்வதாக இருந்தாள்.

ஈரெக் போனை எடுத்தான். ஆம்புலன்சுக்கு எந்த எண் என்று அவனுக்குத் தெரியும். அழுத்தப் போனபோது அவள் தன் உள்ளங்கையைப் போனின் மேல் வைத்தாள். கை சில்லென்று ஈரமாக இருந்தது.

"கேளு. இப்ப நீ கூப்பிட்டா என்ன ஆகும்? தூக்கிட்டுப் போய் ஒரு கட்டில்ல போட்டு ஒயர மாட்டுவாங்க. அவங்க பேசறது எனக்குப் புரியாது. நான் பேசறது அவங்களுக்குப் புரியாது. டொரோட்டா அந்தக் குழந்தைய அப்படியே விட்டுட்டு ஓடி வருவா. அவ அப்பா ஆஸ்பத்திரில எத்தன வாரம் கெடந்தாருன்னு உனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் கூரையத்தான் பாத்துட்டு இருந்தார் மனுஷன்."

"அதுக்காக இப்படியே விட முடியுமாம்மா?"

"நாளைக்கு ராத்திரி ஊர்ல இருப்போம். திங்கக்கிழம காலைல நானே டாக்டர்கிட்ட போறேன். நீயே கூட்டிட்டுப் போ, நம்பிக்கை இல்லன்னா. இந்த ரெண்டு நாள எனக்குக் குடு, ஈரெக். நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல."

அது உண்மைதான். அவனுக்கு உத்தரவு போட்டிருக்கிறாள். குறை சொல்லியிருக்கிறாள். அவன் போட்ட அலமாரி கோணல் என்று பந்தை உருட்டிக் காட்டியிருக்கிறாள். கேட்டதில்லை.

கீழே எங்கோ ஒரு மணி அடித்தது. இரண்டு பெண்கள் ஏதோ சிரித்துப் பேசியபடி படியேறி, இவர்களைத் தாண்டிப் போனார்கள். அவள் உள்ளங்கை இன்னும் போனின் மேலேயே இருந்தது. முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் திரும்புவதை அவன் பார்த்தான். அது திரும்பாமல் இருந்திருந்தால் அவன் வேறு மாதிரி முடிவு செய்திருப்பானோ என்னவோ.

"இனிமே படி கிடையாது," என்றான். "பஸ், இல்லன்னா மலைமேல ஏத்தற இழுவை ரயில். மறுபடியும் அழுத்திச்சுன்னா உங்களைக் கேக்காமலே கூப்பிடுவேன்."

"சரிங்க, பரிசோதகரே," என்றாள் ரெகீனா.

மெதுவாக இறங்கி, சாலைக்கு வந்து, மேலே போகும் பேருந்தைப் பிடித்தார்கள். பேருந்தில் அவள் ஒவ்வொருவராகப் பார்த்து, யாரிடம் டிக்கெட் இல்லை என்று அவன் காதில் சொல்லிக்கொண்டு வந்தாள். நீலச் சட்டை போட்டவர் வாங்கியிருக்கிறார். சிவப்புப் பைக்காரி வாங்கவில்லை, அதனால்தான் கதவுப் பக்கமே நிற்கிறாள். யாரும் பரிசோதிக்க வரவில்லை என்பதில் அவளுக்கு நிஜமாகவே வருத்தம்.

அன்று மதியம் அவர்கள் பெரிதாக எதையும் பார்த்துவிடவில்லை. சதுக்கத்தில் கல் சிங்கங்கள் காவல் இருக்கும் நீரூற்றுக்குப் பக்கத்தில் நிழலாக ஒரு மேஜை கிடைத்தது. ரெகீனா மக்காச்சோளக் களியும் காளானும் வாங்கி, இதைப் போய் விருந்து என்கிறார்களே என்று சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிட்டாள். பிறகு பேராலயத்துக்குள் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்கினார்கள். இரண்டு பேரும் நிறையப் பேசினார்கள். அப்படிப் பேசியது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆறு மணிக்கு டொரோட்டா போன் செய்தாள். ரெகீனா உற்சாகமாகப் பேசினாள். களியைப் பற்றிச் சொன்னாள், காலினாவுக்கு எங்கெல்லாம் கொப்புளம் என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் உச்சுக் கொட்டினாள். பிறகு போனை அவனிடம் கொடுத்துவிட்டு, காது கேளாதவள் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்குது?" என்று டொரோட்டா கேட்டாள்.

"படி ஏறினோம்," என்றான் ஈரெக்.

அது பொய்யில்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு அவனால் ரெகீனாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.  மேஜைமேல் இருந்த அவன் கையை இரண்டு முறை லேசாகத் தட்டினாள், அவ்வளவுதான்.

விடுதியில் அவர்கள் அறைகள் பக்கத்துப் பக்கத்தில். இரவு சுவருக்கு அப்பால் அவள் குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் அவன் தூங்கினான்.

ஞாயிறு காலை பூசைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். எட்டு மணிக்குக் கதவைத் தட்டினான். மறுபடி தட்டினான். கீழே போய், விடுதியை நடத்தும் ஓர்னெல்லா அம்மாளைச் சாவியுடன் கூட்டிவந்தான். அந்த அம்மாள் கதவைத் திறந்து, ஒரு அடி உள்ளே வைத்து, சிலுவை போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ரெகீனா ஒருக்களித்துப் படுத்திருந்தாள், கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு. பூசைக்கான கறுப்புப் பாவாடை நாற்காலிமேல் மடிப்புக் கலையாமல் தயாராக இருந்தது. ஈரெக் அவள் தோளைத் தொட்டான். பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான், ஏதோ அவளுக்குக் குளிரும் என்பதுபோல.

டாக்டர் வந்தார். ஒரு போலீஸ்காரரும் வந்து கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் தன் போனில் பேசி, அது போலிஷ் மொழியில் பெயர்த்துச் சொல்வதைக் கேட்க அவனிடம் நீட்டினார். தூக்கத்திலேயே நடந்திருக்கிறது, இதயம், வலி தெரிந்திருக்காது. ஒரு பெண்ணின் பதிவு செய்யப்பட்ட குரல், நிறுத்தி நிறுத்திச் சொன்னது. முன்பு ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று அந்தக் குரல் கேட்டது. ஈரெக் மருந்துப் பையைக் காட்டினான், வால்வைப் பற்றிச் சொன்னான். நேற்று மதியம் நடந்ததையும் சொன்னான். டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுதிக்கொள்ளத் தொடங்கினார். கண்டிப்பார் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அவர் கண்டிக்கவில்லை.

டொரோட்டாவுக்குப் போன் செய்யத் தெருவுக்கு இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை, ரொட்டிக்கடை வாசலில் வரிசை. சொன்னான். தொலைவில் காலினா ஏதோ கார்ட்டூன் பார்த்துச் சிரிப்பது கேட்டது.

"நேத்து நல்லாத்தானே பேசினாங்க," என்றாள் டொரோட்டா. பிறகு, "ஒண்ணும் சொல்லலையா? ஒடம்பு சரியில்லன்னு எதுவும் சொல்லலையா?"

"நீ வா," என்றான். "வந்ததும் சொல்றேன்."

அவள் மேலே கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே அவனுக்குப் பாரமாக இருந்தது. ஈரெக்கின் தங்கை வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வாள் என்றும், மாலை விமானத்தில் தான் வருவதாகவும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு ரெகீனாவைக் கொண்டுபோனார்கள். அந்தப் பழைய வீட்டின் படிக்கட்டு குறுகலானது. தூக்கியவர்கள் இரண்டு இடத்தில் நிறுத்தி, தங்களுக்குள் தணிந்த குரலில் பேசித் திருப்பினார்கள். மேலே நின்றிருந்த ஈரெக், எந்தக் கோணத்தில் திருப்பினால் எளிது என்று தன்னை அறியாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். தொழில் புத்தி.

பிறகு அவளுடைய பெட்டியைக் கட்ட வேண்டியிருந்தது. கறுப்புப் பாவாடையை எடுத்து வைத்தான். சீப்பு, கண்ணாடி, ஜெபமாலை. குளியலறைக் கம்பியில் அவள் இரவு துவைத்துப் போட்டிருந்த உள்ளாடைகளைக் கண்டதும் நின்றுவிட்டான். அவற்றைத் தொட அவனுக்குக் கை வரவில்லை. தொடாமல் விட்டுப் போகவும் முடியாது. அப்படியே நின்றுகொண்டிருந்தவனை ஓர்னெல்லா அம்மாள் பார்த்தாள். அவனைத் தாண்டிப் போய், ஒவ்வொன்றாக எடுத்து, சின்னதாக மடித்து, பெட்டியின் ஓரத்தில் செருகினாள். பிறகு அவனைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், கோழிச் சாற்றில் வேகவைத்த சோறு ஒரு கிண்ணம் வைத்தாள். அவனுக்குப் பசியில்லை என்றுதான் நினைத்தான். கிண்ணம் காலியானதும் வெட்கமாக இருந்தது.

மதியம் முழுவதும் அவன் தன் அறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். டாக்டரிடம் சொன்னது டாக்டரோடு போய்விடும். அவர் எழுதியதில் அந்தப் படிக்கட்டு இருந்தாலும் அது இத்தாலிய மொழியில்தான் இருக்கும். அவன் சொல்லாவிட்டால் டொரோட்டாவுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. வால்வைப் பற்றி மட்டும் சொல்லலாம். அம்மா யாரிடமும் சொல்லவில்லை, தூக்கத்தில் போய்விட்டாள். அதை வைத்துக்கொண்டு டொரோட்டா அழலாம், ஆறலாம். சொன்னால் அவள் ஆறுவதற்கு இடமே இருக்காது. இப்படியெல்லாம் யோசித்தான். சொல்லாமல் இருப்பது அவளுக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. விமான நிலையத்துக்குக் கிளம்பும்வரை முடிவு எதுவும் கிடைக்கவில்லை.

டொரோட்டா ஒரு கைப்பையோடு வெளியே வந்தாள். அவன் தோளில் நெற்றியை வைத்து நின்றாள். முதுகு குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா எங்க?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரிப் பிணவறையில், காலையில்தான் பார்க்க விடுவார்கள் என்று சொன்னான். ஊருக்குள் போகும் பேருந்தில் இருவரும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"சொல்றேன்னியே," என்றாள்.

சொன்னான். படியில் அவள் நின்றதிலிருந்து, போன்மேல் வைத்த கை வரைக்கும். டொரோட்டா ஜன்னலையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அது எப்ப?"

"மதியம்."

"நான் ஆறு மணிக்குப் போன் பண்ணேன்."

"ஆமா."

"மூச்சு வாங்குதேன்னு கேட்டேன்."

"கேட்ட."

"படி ஏறினோம்னு சொன்ன."

அவன் தலையை அசைத்தான். பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று, யாரும் ஏறாமல் கிளம்பியது.

"ஆஸ்பத்திரி இதே ஊர்லதானே இருக்கு," என்றாள் டொரோட்டா. குரல் உயரவில்லை. "உன்ன அவங்கள பாத்துக்கத்தானே அனுப்பினேன். வேற எதுக்கு அனுப்பினேன்?"

அவங்கதான் கெஞ்சினாங்க என்று சொல்ல வாய்வரை வந்தது. செத்தவள்மேல் பழியைத் தூக்கிப் போடுவதுபோல் இருக்குமென்று விட்டுவிட்டான்.

"நான்தான் சரின்னு சொன்னேன்," என்றான்.

பேருந்து நின்றதும் அவள் அவனுக்கு முன்னால் இறங்கினாள். ஓர்னெல்லா அம்மாள் அவர்களுக்கு வேறொரு பெரிய அறையைத் திறந்து வைத்திருந்தாள். டொரோட்டா சைகையாலேயே வேண்டாமென்று சொல்லி, அம்மா இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் ரெகீனாவின் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்கள், ஒருவர் பின் ஒருவராக. பிணவறையின் முன்கூடம் சுத்தமாக, குளிர்ச்சியாக, பிளாஸ்டிக் பூக்கள் வைத்து இருந்தது. டொரோட்டா உள்ளே போனாள். அவன் வாசலிலேயே நின்றான். ரெகீனாவின் தலைமுடியை யாரோ நேராகப் பின்னால் வாரியிருந்தார்கள். நெற்றி அகலமாகி, வேறு யாரோ ஒரு கண்டிப்பான அம்மாள் மாதிரி தெரிந்தாள். டொரோட்டா கையை நீட்டியதும், என்ன கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. பெட்டியிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தான். அவள் இடது பக்கம் வகிடெடுத்து, முன்முடியைக் கொஞ்சம் இறக்கி, காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அதைச் செய்யும்போது அழவில்லை. வெளியே வந்த பிறகுதான், கூடத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். அவன் பக்கத்தில் போகவில்லை. போகலாமா என்று தெரியவில்லை.

உடலை ஊருக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்பவர் ஒருவர் வந்தார். கூடவே அவருடைய அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு போலிஷ் பெண்ணும் வந்தாள். நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். என்ன உடை உடுத்துவது என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். டொரோட்டா பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தாள். கறுப்புப் பாவாடையைக் கையில் எடுத்தாள், வைத்தாள். கடுகு நிறத்தில் ஒரு உடுப்பை வெளியே எடுத்து உதறினாள்.

"இது."

"அதுல கறை இருக்கு," என்றான் ஈரெக். நேற்றிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"என்ன கறை?"

"ஐஸ்கிரீம். மார்ல கொட்டிக்கிட்டாங்க. துடைக்கத் துடைக்கப் பரவிடுச்சு."

டொரோட்டா உடுப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறை இருந்தது, பெரிதாகவே. அதைத் தேய்த்துப் பார்க்கவில்லை. அப்படியே மடித்து, பெட்டியோடு அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று டொரோட்டா அவனைத் திரும்பிப் பார்த்தாள், ஊரிலிருந்து வந்தபின் முதல்முறையாக நேருக்கு நேர்.

"அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க? அந்தப் படிக்கு அப்புறம்."

"மேல போனோம்."

"கூட்டிட்டுப் போ."

இழுவை ரயிலில் போனார்கள். திங்கட்கிழமையானதால் கூட்டமில்லை. சதுக்கத்தில் அந்த மேஜையைக் காட்டினான், டொரோட்டா அதில் உட்காரவில்லை, சுற்றி வந்து பார்த்தாள். பேராலயத்தில் எந்த வரிசை என்று கேட்டாள். காட்டினான். அங்கே கொஞ்ச நேரம் முழந்தாளிட்டாள். பிறகு குறுகிய தெருக்கள் வழியாக மதில்மேல் இருக்கும் நடைபாதைக்கு வந்து, மரநிழலில் தாழ்வான கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு இங்கேதான் உட்கார்ந்தோம் என்றான்.

"என்ன பேசினீங்க?"

அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். முதலில் சிவப்புப் பைக்காரியைப் பற்றி. பிறகு, அம்மா அவனுடைய வேலையைப் பற்றிக் கேட்டதை. அது அவள் என்றைக்குமே கேட்டதில்லை. லிஃப்டின் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஒரு கயிறு இல்லை, பல கயிறுகள், அத்தனையும் அறுந்தாலும் கூண்டு விழாது, வேகம் கூடினதும் இரண்டு பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற அமைப்பு இருக்கிறது என்று அவன் ஐஸ்கிரீம் குச்சியை வைத்துக் காட்டினான். அவள் கவனமாகக் கேட்டாள். நிஜமாகவே விழாதா என்று மறுபடி கேட்டாள். அப்போதுதான் ஐஸ்கிரீம் கொட்டியது.

"ஏம்மா கேக்கறீங்கன்னு கேட்டேன். எனக்கு லிஃப்ட்னா பயம்னு சொன்னாங்க. சின்ன வயசுலேர்ந்தே. அதான் நம்ம வீட்டுக்கு நாலு மாடியும் ஏறியே வந்தாங்களாம்."

டொரோட்டா அவனையே பார்த்தாள். "மூட்டுக்கு நல்லதுன்னு சொல்வாங்களே."

"நான் என்னை மட்டம் தட்டறதுக்குப் பண்றாங்கன்னு நெனச்சேன். மருமகன் லிஃப்ட் வேல பாக்கறான், அந்த லிஃப்ட்ல கால் வைக்க மாட்டேன்னு. இத்தன வருஷமா."

டொரோட்டாவின் தொண்டையிலிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியிலேயே நின்றது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அந்த வால்வோடு நாலு மாடி ஏறினாள் என்பதை இருவரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். 

"அப்புறம்?"

"அந்த டிக்கெட் கத."

"மறுபடியுமா?"

"இல்ல. வேற மாதிரி சொன்னாங்க. அன்னிக்கு நீ ஓடியிருக்கலாம், கதவு தெறந்துதான் இருந்துச்சு, உன் கூட வந்த பசங்க எல்லாரும் ஓடினாங்க, நீ மட்டும் நின்னன்னு."

"நீ ஏன் நின்ன?"

"தெரியல. கால் வரல."

டொரோட்டா கீழே பார்த்தாள். சமவெளியில் ஊர் மங்கலாகப் பரவியிருந்தது. தொலைவில் விமான நிலையத்திலிருந்து ஒரு விமானம் எழும்பி, சூரியனில் ஒரு கணம் மின்னிவிட்டுத் திரும்பியது.

"நான் கூட்டிட்டுப் போயிருப்பேன்," என்றாள். "அவங்க அழுதாலும், திட்டினாலும், அந்தப் படியிலேர்ந்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

"தெரியும்."

"அது அவங்களுக்கும் தெரியும்."

 அதை அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. பக்கத்தில் ஒரு கிழவர் நாயோடு வந்து, நாய் மரத்தை முகர்ந்து முடிக்கும்வரை காத்திருந்து, அழைத்துப்போனார்.

டொரோட்டா காலணிகளைக் கழற்றிவிட்டு, கால்களைச் சுவர்மேல் மடக்கிக்கொண்டு, தலையைப் பின்னால் மரத்தில் சாய்த்தாள். காலினாவோடு ஒன்று, அம்மாவின் அறையில் ஒன்று என இரண்டு இரவுகளாகத் தூங்காத கண்கள் தாமாக மூடிக்கொண்டன. சிறிது நேரத்தில் மூச்சு சீரானது. நிழல் நகர்ந்து, கிளைகளுக்கிடையே வெயில் இறங்கி அவள் நெற்றியில் விழுந்தது. இமைகள் சுருங்கின. ஈரெக் சத்தமில்லாமல் எழுந்து, அவளுக்கும் சூரியனுக்கும் நடுவில் போய் நின்றான். வெயில் நகர நகர அவனும் ஒவ்வொரு அடியாக நகர்ந்துகொண்டிருந்தான்.